சொல்லிக்காட்டாத சிறுநீரகம்

நைல் கரையில் எங்கள் கஃப்ர் நகீலா கிராமத்தில் வாத்து வாங்குவதென்றால் தஃபீதாவிடம்தான் வாங்க வேண்டும். அவள் வளர்த்த வாத்து ஒன்று கால்வாயில் இறங்கியபோது தண்ணீர் பொங்கி எதிர்க்கரை வயலுக்குள் புகுந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். ஆனால் அந்த வயல்காரன் வழக்குப் போடக் கிளம்பினான் என்பதை நம்பித்தான் ஆக வேண்டும்; அவன் என் மாமன் மகன்.

மொட்டைமாடியில் வாத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வாள். அலகைப் பிளந்து, ஊறவைத்த சோளத்தைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, கழுத்தை மேலிருந்து கீழே நீவிவிடுவாள். பிறகு தன் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து வாத்தின் வாய்க்குள் ஊதுவாள். அந்த ஊதல் நேரம் மட்டும்தான் எங்கள் சந்துக்கு அமைதி. வாயில் தண்ணீர் இல்லாத நேரமெல்லாம் அதில் வசவு இருக்கும்.

வாத்துக்கு இப்படி ஊட்டியவள் தான் ஒரு மடக்கு குடிக்க மாட்டாள். காரணம் சந்தை. காலையில் கூடையோடு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்க முடியும். ஆண்களுக்கு மசூதிக் குளியலறை இருக்கிறது; பெண்களுக்கு ஆகாயம்தான். ஆகவே எங்கள் சந்தைப் பெண்கள் குடிப்பதில்லை. ரொட்டியும், கண்ணில் நீர் வரவைக்கும் உப்புப் பாலாடைக்கட்டியும், ஊறுகாய் எலுமிச்சையும் தின்றுவிட்டு வெயிலில் காய்வார்கள். ஒட்டகம்கூட இவர்களைப் பார்த்து, "இதெல்லாம் எப்படி முடிகிறது?" என்று கேட்கும்.

தஃபீதாவின் சுவருக்கு அந்தப் பக்கம் நபவிய்யா. இருவரும் சித்தப்பா பெரியப்பா மக்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டதால் ஓரகத்திகளும் ஆனார்கள். அந்த அண்ணன் தம்பி இருவரும் இப்போது கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். வீட்டில் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்திருக்கும்.

இவர்கள் சண்டை போடாத நாளை எங்கள் சந்து பண்டிகை நாளாகக் கொண்டாடியிருக்கும். அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

"உன் வாத்து என் துவைச்ச துணியில அசிங்கம் பண்ணியிருக்கு!"

"அதுக்கு நல்ல இடம் தெரியும்டி. உன் துணின்னு பாத்துத்தான் இறங்கியிருக்கு."

"உன் நாக்கை வெட்டி கருவாடு போடணும்."

"போடேன். உன் சமையலுக்கு அதாவது ருசி குடுக்கும்."

நாங்கள் ஜன்னல்களில் நின்று கேட்போம். சண்டை உச்சத்துக்குப் போகும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஏனென்றால் தஃபீதாவின் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. அதை எடுத்து வீசினால் நபவிய்யா அந்த இடத்திலேயே சுருண்டுவிடுவாள். இப்போது வீசுவாள், இதோ வீசப்போகிறாள் என்று காத்திருப்போம். அவள் வீசியதே இல்லை.

அந்த ஆயுதம் நபவிய்யாவின் வயிற்றுக்குள் இருந்தது. தஃபீதாவின் இடது சிறுநீரகம்.

நபவிய்யாவின் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போய், வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் ரத்தம் கழுவிக்கொண்டு, அவள் முகம் மெழுகு நிறத்துக்கு வந்திருந்த காலம் ஒன்று உண்டு. கூடப்பிறந்த அண்ணன்மார் ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள். தஃபீதா யாரிடமும் எதுவும் சொல்லாமல் நகரத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தாள். பொருந்தியது. கொடுத்தாள். தையல் ஆறியதும் வாத்துக்கூடையோடு சந்தைக்குப் போனாள். திரும்பி வந்த முதல் வாரத்திலேயே நபவிய்யாவைப் பார்த்து, "உன் வாசல்ல குப்பை மலை மாதிரி கிடக்கு, பெருக்கத் தெம்பில்லையா?" என்று கத்தினாள். தெம்பு தந்ததே அவள்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் கொடுத்ததன் நன்மை போய்விடும் என்று எங்களுக்குக் குழந்தையிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறோம். பிறகு மருமகளுக்குக் கொடுத்த வளையலை வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுகிறோம். தஃபீதா மட்டும்தான் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டாள். யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். அதனால் நாங்களும் பேசுவதில்லை. சந்தே சேர்ந்து அந்தச் சிறுநீரகத்தை மறந்த மாதிரி நடித்தது. எங்கள் சந்தில் ஒரு ரகசியம் மாலைத் தேநீர் வரைகூடத் தாங்காது. இது இத்தனை வருஷம் தாங்கியது.

தஃபீதாவின் மகன் மிஸ்பாஹ் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். சென்ற கோடையில் வந்து கல்யாணம் செய்துகொண்டு, மனைவி ஹயாமைத் தாயிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனான். ஹயாம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண். நல்ல பிள்ளை, ஆனால் வாத்தைக் கண்டால் நடுங்குவாள். அவளிடம் இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. நடிப்பு எங்களுக்கு அவ்வளவு பழகிவிட்டிருந்தது.

ஆகஸ்டு மாத வெயிலில் ஒரு நாள் தஃபீதா சந்தையிலிருந்து வலது விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாந்தி. படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஹயாம் பயந்துபோய் அவளைச் சந்தை ஊர்க் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கே ஓர் இளம் டாக்டர். வெளியே நோயாளிகள் ரொட்டிக்கடை வரிசை போல நின்றிருந்தார்கள். ஸ்கேன் எடுப்பவர் அன்று வரவில்லை. டாக்டர் அவள் அங்கியின் மேலேயே விலாவைத் தட்டிப் பார்த்தார். தஃபீதா கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அலறினாள்.

"கல்லுதான் ஹாஜ்ஜா. முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா?"

தஃபீதா சற்று யோசித்தாள். பிறகு, "இல்ல மகனே" என்றாள்.

ஹயாம் இதைப் பிற்பாடு சொன்னபோது நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். நாங்களே ஊட்டி வளர்த்த மௌனம் இது. வேறெந்த ஊரிலாவது ஒருத்தி தன் விலா வெட்டுப்பட்டதை டாக்டரிடம் மறைப்பாளா? ஏன் வெட்டினார்கள் என்று அடுத்து கேட்பார், பதில் சொல்ல வேண்டிவரும், சொன்னால் கொடுத்தது போய்விடும். அவள் கணக்கு அது.

"சரி, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "வலது பக்கம் அடைச்சிருந்தாலும் இடது பக்கம் வேலை பாக்கும். ஊசி போடறேன். நிறையத் தண்ணி குடிங்க, கல்லு தானா இறங்கிடும்."

இரண்டு சிறுநீரகம் உள்ளவளுக்கு அவர் சொன்னது பழுதில்லாத பேச்சு. தஃபீதாவுக்கோ இடது பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில்.

சந்தில் சொல்லியா கொடுக்க வேண்டும்? வேகவைத்த பார்ஸ்லித் தண்ணீர் ஒரு வீட்டிலிருந்து, பார்லிக் கஞ்சி இன்னொரு வீட்டிலிருந்து, கரும்புச் சாறு மூன்றாவது வீட்டிலிருந்து வந்தது. நானும் ஒரு குடம் அனுப்பினேன். எல்லாம் உள்ளே போனது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. மறுநாள் அவள் கணுக்கால் வீங்கி, முகம் வீங்கி, வசவுகூட நின்றுபோனது.

வசவு நின்றதுதான் நபவிய்யாவை மாடிக்கு ஏற்றியது. அந்த வாரம் இருவருக்கும் நேரடிப் பேச்சில்லை, காற்றைப் பார்த்துத்தான் வசவு. நபவிய்யாவின் உப்புப் பாலாடைக்கட்டிப் பானைக்குள் தஃபீதாவின் வாத்து ஒன்று விழுந்திருந்தது. ஆனால் எதிரி வீட்டில் சத்தமில்லை என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? மாடிச் சுவரின் மேலே எட்டிப் பார்த்தாள். ஹயாம் ஒரு வாத்தைத் தூரத்தில் நிறுத்தி அதன் மேல் சோளத்தை எறிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏய் பொண்ணே, அது வாத்து, ஷைத்தான் இல்ல. ஹஜ்ஜுல எறியற மாதிரி கல்லெறியறே? எங்க உன் மாமியா?"

"படுத்திருக்காங்க அத்தை. கல்லு. நேத்துலேருந்து ஒண்ணுக்கே போகல. அஞ்சாறு குடம் குடிச்சிட்டாங்க, ஒரு சொட்டு வரல."

நபவிய்யாவின் கை சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டும் வராமல் இருப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊரிலேயே அவளுக்குத்தான் தெரியும். அவள் வருஷக்கணக்கில் அதில் வாழ்ந்தவள்.

"டாக்டர் என்னடி சொன்னான்?"

"இன்னொரு பக்கம் பாத்துக்கும்னு..."

"எந்த இன்னொரு பக்கம்?" அவள் போட்ட கூச்சலில் புறாக் கூண்டுகள் காலியாகிவிட்டன. "அவளுக்கு இருக்கிறதே ஒண்ணுதான்டி! இன்னொண்ணு இங்க இருக்கு! இங்க!" என்று தன் அடிவயிற்றில் அறைந்துகொண்டாள்.

இத்தனை வருஷம் யாரும் சொல்லாததைச் சந்து முழுக்கக் கேட்கும்படி அவள்தான் சொன்னாள். ஜன்னல்களில் நின்ற நாங்கள் படியிறங்கி ஓடினோம்.

எவனுடைய வண்டி என்றுகூட யாரும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கிவிட்டு அந்தச் சிறு லாரியில் தஃபீதாவை ஏற்றினோம். நானும் ஏறிக்கொண்டேன். "வேடிக்கை பாக்க ஏறிட்டா பாரு" என்றாள் நபவிய்யா. பொய்யில்லை.

நகரத்துச் சிறுநீரக மருத்துவமனையில் எங்களைப் பார்த்தவர் டாக்டர் லுத்ஃபி. ஆள் எருமைக் கடா போல இருந்தார். விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழ அளவு. இந்தக் கையை வைத்துக்கொண்டு இவர் என்ன நுட்ப வேலை பார்க்கப்போகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நபவிய்யா அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரய்யா, இவளுக்கு ஒரு கிட்னிதான். அதுல கல்லு. இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. எடுத்து அவளுக்கே வச்சிடுங்க. நான் நல்லாத்தான் வச்சிருக்கேன், ஒரு கீறல் கிடையாது."

படுக்கையில் அரை மயக்கத்தில் கிடந்த தஃபீதா கண்ணைத் திறக்காமலே, "வாயை மூடுடி" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பக்கத்து வீட்டுல வாங்கின பாத்திரமா இது, கழுவித் திருப்பிக் குடுக்க? அது உங்களுது. உங்ககிட்டயே இருக்கட்டும். இவங்களோடதைத் திறந்துவிடுவோம்."

ஸ்கேன் கருவியை வைத்தார். வலது சிறுநீரகம் வெள்ளம் தேங்கிய வயல் போல உப்பியிருந்தது. அதன் ஒரே வடிகாலில், வாயை அடைத்துக்கொண்டு, கல். ரத்தச் சோதனை வந்ததும் டாக்டரின் முகம் மாறியது. கழிவு உப்பெல்லாம் ரத்தத்தில் ஏறிவிட்டது, எந்த நேரமும் இதயம் தாளம் தப்பலாம் என்றார்.

"கல்லை எடுத்துடுவீங்களா?" என்று ஹயாம் கேட்டாள்.

"இப்ப இல்லம்மா. ஊருக்கு ஒரே மதகு. அது அடைச்சுக்கிச்சு, ஊரு மூழ்குது. அடைச்சது கட்டையா கல்லான்னு ஆராய்ச்சி பண்ணிட்டு நிப்பீங்களா? முதல்ல கரையை வெட்டித் தண்ணியை விடணும். கல்லு எங்கயும் ஓடிடாது."

முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, ஒரு மெல்லிய குழாயை விலாவுக்குக் கீழே செலுத்தினார். கதவு சற்றுத் திறந்திருந்தது, நான் பார்த்தேன். அந்த வாழைப்பழ விரல்கள் ரோஜா முள்ளை எடுப்பது போல நகர்ந்தன. குழாயின் மறுமுனையில் ஒரு பை. நாங்கள் எல்லோரும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறைக்காக வானத்தைப் பார்ப்போமே, அப்படி.

ஒரு சொட்டு விழுந்தது. கலங்கலாக, சற்றே சிவப்பாக. பிறகு இன்னொன்று. பிறகு சொட்டுகள் சேர்ந்து கோடாயின. நபவிய்யா தரையில் நெற்றியை வைத்துவிட்டாள். மூத்திரத்தைப் பார்த்து ஒருத்தி இறைவனுக்கு ஸஜ்தா செய்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள், பார்த்தால், நான் அழுதுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு அது நிற்கவேயில்லை. பை நிறைந்தது, மாற்றினார்கள், நிறைந்தது. நைல் நதிக்கு அந்த வருஷம் தண்ணீர் அங்கிருந்துதான் போனது என்று நான் ஊரில் சொல்லியிருக்கிறேன். வெளியே போகிற அளவுக்கு நரம்பு வழியாக உள்ளே ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு முஷ்டி அளவு சதை, மூச்சுத் திணறிக் கிடந்துவிட்டு, வழி கிடைத்ததும் உடம்பு முழுவதையும் கழுவித் தள்ளியது. நாள் போகப் போக அவள் முகம் வடிந்தது. ஒரு நாள் காலை நர்ஸ் கொண்டுவந்த சூப்பைப் பார்த்து, "இதுல கோழி குளிச்சதா, எட்டிப் பாத்துட்டுப் போச்சா?" என்று கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அன்று டாக்டர் லுத்ஃபி மறுபடி ஸ்கேன் பார்க்க வந்தார். வீக்கம் இறங்கியிருந்தது. திரும்பும்போது நபவிய்யாவிடம், "நீங்களும் படுங்க ஹாஜ்ஜா, உங்களோடதையும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்றார். பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து, அடிவயிற்றின் ஓரத்தில் கருவியை வைத்தார். புதிதாக வைக்கிற சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, அங்கேதான் வைப்பார்களாம்.

திரையில் அது தெரிந்தது. அவரை விதை வடிவத்தில், அமைதியாக. ரத்தம் ஓடுவதைக் காட்டும் பொத்தானை அவர் அழுத்தினார். சிவப்பும் நீலமுமாக அதற்குள் ஒரு மரம் கிளை விரித்துத் துடித்தது. டாக்டர் திரையைத் தஃபீதாவின் பக்கம் திருப்பினார்.

ஒரே தாயின் வயிற்றில் இரட்டையாக உருவானவை. ஒன்று இந்தக் கட்டிலில், ஒன்று அந்தக் கட்டிலில். பிரிந்து இத்தனை வருஷம் ஒன்று வாத்துக்குச் சோளம் ஊட்டியவளுக்காகவும் மற்றது அவளைத் திட்டியவளுக்காகவும் இரவு பகல் உழைத்திருக்கின்றன. நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள், உடம்பின் படங்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள். அந்தத் திரைக்கு முன்னால் என் படிப்பெல்லாம் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

தஃபீதா வெகுநேரம் பார்த்தாள். "மாஷா அல்லாஹ்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நபவிய்யா எழுந்து உட்கார்ந்தாள். "அடிப்பாவி," என்றாள். "ஒரே ஒரு தடவை நீ சொல்லிக்காட்டியிருந்தா, நானும் உன்னை நிம்மதியா வெறுத்துட்டு இருந்திருப்பேனேடி."

"பானையில விழுந்த வாத்தைப் பத்திப் பேசு" என்றாள் தஃபீதா சுவரைப் பார்த்து.

"அது என் பானைடி!"

"வாத்து என்னோடது."

ரத்தம் சரியான பிறகுதான் கல்லின் முறை. வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைக்கிற இயந்திரம் அங்கேயே இருந்தது. அதை ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு கிட்னி உள்ளவங்களுக்கு உடைச்சு விடலாம்," என்றார் டாக்டர். "துண்டு வழியில சிக்கினாலும் அடுத்தது தாங்கும். இவங்களுக்குத் துண்டே இருக்கக் கூடாது. மாவாக்கணும்."

மாவாக்கினார். மூத்திரத் துவாரம் வழியாகவே, கத்தி படாமல், வளைந்து கொடுக்கிற ஒரு குழாயைச் சிறுநீரகம் வரை ஏற்றியிருக்கிறார். அதன் நுனியில் கண்ணும் விளக்கும். அதற்குள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழையில் லேசர். பிற்பாடு அந்தப் படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். இளஞ்சிவப்புக் குகை. அதன் வாசலில், கருகிய பேரீச்சங்கொட்டை போல, கல். ஒளி அதைத் தொட்டது. விளிம்பிலிருந்து மாவு பறந்தது. ஆலையில் பறக்குமே, அப்படி. ஒரு மனுஷியை மண்ணுக்கு அனுப்பவிருந்த பொருள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகையாகித் தண்ணீரோடு ஓடியது. "ஸுப்ஹானல்லாஹ்" என்று ஹயாம் மட்டும் முணுமுணுத்தாள். வழி திறந்தே இருக்க உள்ளே ஒரு மெல்லிய குழாயை விட்டு வைத்தார். சில வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற நாள். தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், சந்தையில் ஒதுங்க இடமில்லை என்றால் சந்தையையே மாற்ற வேண்டும் என்றெல்லாம் சொல்லி முடித்த டாக்டர் லுத்ஃபி, கதவை மறித்து நின்றுகொண்டார்.

"இன்னொண்ணு பாக்கி ஹாஜ்ஜா. என் வார்டுல ஒத்தைக் கிட்னிக்காரங்க யாரும் இதைச் சொல்லாம படி இறங்கக் கூடாது. சத்தமாச் சொல்லுங்க: எனக்கு ஒரு கிட்னிதான்."

தஃபீதா துணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நான் சொல்லிடறேன்" என்றாள் நபவிய்யா.

"நீங்க எப்பவும் பக்கத்துலயே இருப்பீங்களா?"

"வேற எங்க போவேன்? சுவரு ஒண்ணுதானே!"

"அடுத்த தடவை இவங்க மயங்கிக் கிடப்பாங்க, நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்க, ஒரு டாக்டர் இடது பக்கம் பாத்துக்கும்னு வீட்டுக்கு அனுப்புவார். இப்ப தப்பிச்ச மாதிரி அப்பவும் தப்பிப்பாங்கன்னு நான் எழுதித் தர முடியாது. அவங்க வாய்தான் சொல்லிப் பழகணும்."

தஃபீதா தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றினாள். "டாக்டரய்யா, நீங்க நல்லா இருக்கணும். என் உசுரைக் குடுத்தீங்க. ஆனா அதை என் வாயால சொன்னா நான் குடுத்தது போச்சு. மறுமையில வெறுங்கையோட நிக்கணும். அதுக்கு இந்தக் கல்லே தேவலை."

அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. டாக்டருக்கும் அது புரிந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், கட்டில் முனகியது.

"நான் எதைக் குடுத்தீங்கன்னு கேட்டேனா?"

"இல்ல."

"யாருக்குன்னு கேட்டேனா?"

"இல்ல."

"இந்த வார்டுல பிறக்கும்போதே ஒண்ணோட பிறந்தவங்க இருக்காங்க. கட்டி வந்து ஒண்ணை எடுத்தவங்க இருக்காங்க. இன்னொண்ணு எங்க போச்சுன்னு எந்த டாக்டரும் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. இருக்கிறது எத்தனைன்னு மட்டும் தெரியணும். தழும்பைக் கேட்டா, 'எடுத்துட்டாங்க'ன்னு சொல்லுங்க. அது பொய்யா?"

தஃபீதா அதை வாயில் போட்டு மென்று பார்த்தாள். எங்கே ஓட்டை என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை.

"எனக்கு ஒரு கிட்னிதான்" என்றாள், ஈ பறப்பது போல.

"கேக்கல."

"எனக்கு ஒரு கிட்னிதான்!"

வாத்து விற்ற குரல் அது. தாழ்வாரத்தின் கோடியிலிருந்து காவலாளி ஓடிவந்தான். படுக்கைகளில் பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தஃபீதாவுக்கே வியப்பு, மேலே பார்த்தாள், எதுவும் இடிந்து விழவில்லை.

டாக்டர் திருப்தியாக எழுந்தார். எழுந்தவர் நபவிய்யாவின் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"நானா? எனக்கென்ன?"

"உங்களோட ரெண்டும் சுருங்கிப்போய் வருஷக்கணக்காச்சு. வேலை செய்யறது எத்தனை?"

நபவிய்யா, சந்தில் யாரிடமும் வாய்ச்சண்டையில் தோற்காத நபவிய்யா, கையை அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். தஃபீதாவைப் பார்த்தாள். தஃபீதா அவளை நேராகப் பார்த்தாள், முதல் தடவையாக, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல்.

"எனக்கும் ஒண்ணுதான்" என்றாள் நபவிய்யா.

எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.